ஐந்நூறு பேருக்கான வளாகத்தில் பதினெட்டுப் பேர்: பெருந்தொற்றுக் காலத்தில் நவோதயப் பள்ளிகள்

2020 மார்ச் 21 அன்று, ஒன்றிய அரசின் உறைவிடப் பள்ளிகளாக நாடெங்கும் உள்ள ஜவகர் நவோதய வித்யாலயாக்கள் கோடை விடுமுறையை முன்கூட்டியே அறிவித்து மூடப்பட்டன. மூன்று நாள் கழித்து, 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த மூன்று நாளில் பெரும்பாலான பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டனர். ஆனால் 173 பள்ளிகளில் 3,169 பேர் போக வழியின்றி விடுதியிலேயே தங்கிவிட நேர்ந்தது. இவர்களைத் தவிர, ஜேஇஇ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காகப் புனேயில் கூடியிருந்த 12 மாணவர்களும் அங்கேயே நின்றுவிட்டனர். அடுத்த ஏழெட்டு வாரங்களில் இந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததையும், அதன்பின் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்தப் பள்ளிகள் தம் விடுதிகளை என்ன செய்வது என்று தடுமாறியதையும் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு பார்ப்பதே இந்த ஆய்வு.

தமிழ்நாட்டில் நவோதயப் பள்ளி ஒன்றுகூட இல்லை என்பதால் அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மும்மொழித் திட்டத்தை ஏற்காததால் தமிழ்நாடு அப்பள்ளிகளை அனுமதிக்கவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு இடங்களிலும் அவை இருக்கின்றன. 1985-86இல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் தொடங்கி, 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையால் நாடு முழுவதும் விரிந்த இத்திட்டம், கிராமப்புறப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு வரை உணவும் தங்குமிடமும் தந்து படிக்கவைக்கிறது. இடங்களில் குறைந்தது முக்கால் பங்கு கிராமத்துப் பிள்ளைகளுக்கு உரியது. வகுப்புக்கு 80 பேர் என்று கணக்கிட்டால், முழுமையாக நிரம்பிய ஒரு பள்ளியில் 560 பேர் ஒரே வளாகத்தில் வாழ்வார்கள். ஆசிரியர்களும் குடும்பத்தோடு அதே வளாகத்துக் குடியிருப்பில்தான் இருப்பார்கள்.

இந்தப் பள்ளிகளுக்கே உரிய இன்னோர் ஏற்பாடுதான் 3,169 பேரைச் சிக்கவைத்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் 30 விழுக்காட்டினரை ஓராண்டுக்கு வேறொரு மொழிப் பகுதியின் நவோதயப் பள்ளிக்கு அனுப்புவார்கள். இந்தி பேசும் மாவட்டத்துப் பிள்ளை கேரளத்துக்கும், கேரளத்துப் பிள்ளை ஹரியானாவுக்கும் போகும். நவோதய வட்டாரத்தில் இதை 'மைக்ரேஷன்' என்றே சொல்வார்கள். நாட்டின் ஒருமைப்பாட்டுக்காகத் தீட்டப்பட்ட இந்த அழகிய ஏற்பாடு, ரயில்கள் ஓடும் என்ற ஒரேயொரு நம்பிக்கையின்மேல் நின்றது. அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும் நாள் ஒன்று வரக்கூடும் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எண்ணியிருக்க வேண்டும் என்று இப்போது குறை சொல்வதும் நேர்மையாகாது.

காத்திருந்த வாரங்கள்

3,169 பேரை 173 பள்ளிகளுக்குப் பகிர்ந்தால் பள்ளிக்குச் சராசரி பதினெட்டுப் பேர் வருவார்கள். இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்த எண் இதுதான். ஐந்நூறு பேருக்காகக் கட்டிய சாப்பாட்டுக் கூடத்தில் பதினெட்டுத் தட்டுகள். வரிசை வரிசையாகக் கட்டில்கள் கிடக்கும் கூடத்தில், விளக்கணைத்த பிறகு பேச்சுக்குரல்கூட எதிரொலிக்கும் வெறுமை. பதின்மூன்று முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட அந்தப் பிள்ளைகள் ஓராண்டுப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பக் காத்திருந்தவர்கள். அவர்கள் இருந்த ஊரின் மொழி அவர்களுடைய தாய்மொழி அல்ல. ஊரடங்கு ஏப்ரல் 14இல் முடியும் என்றார்கள். பிறகு மே 3 என்றார்கள். பிறகு மே 17 என்றார்கள். நாட்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையிடம் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிற்று என்று சொல்லவேண்டிய நிலையில் இருந்தவர்கள் அங்கிருந்த ஆசிரியர்கள்.

உறைவிடப் பள்ளியின் அன்றாடம் மணியடிப்பால் ஆனது. விடியற்காலை உடற்பயிற்சி, காலை வழிபாடு, வகுப்பு, மாலை விளையாட்டு, இரவுப் படிப்பு என்று ஒவ்வொரு மணியும் ஐந்நூறு பேரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும். கூட்டம் இல்லாதபோது அந்த மணிக்கு வேலையில்லை. பதினெட்டுப் பேரை நிர்வகிக்கத் தேவைப்படுவது கால அட்டவணை அல்ல. இன்று யார் சரியாகச் சாப்பிடவில்லை, யாருடைய வீட்டிலிருந்து இரண்டு நாளாக அழைப்பு வரவில்லை என்று கவனிக்கும் கண். வழக்கமான நாட்களில் ஹவுஸ் மாஸ்டர் என்பவர் பல பிள்ளைகளுக்குப் பொதுவான மேற்பார்வையாளர். அந்த வாரங்களில் அவர் ஏறக்குறைய ஒரு பெரிய குடும்பத்தின் தலைவர். இந்தச் சுருக்கம் யாரும் விரும்பித் தேர்ந்ததல்ல. ஆனால் பின்னாளில் உறைவிடப் பள்ளிகள் பாதுகாப்பாகத் திறக்க வேண்டுமானால் எந்த அளவுக்குத் தம்மைச் சிறு குழுக்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டுமோ அந்த அளவை இந்த விபத்து முன்கூட்டியே காட்டிவிட்டது என்பது என் கருத்து.

ஏப்ரல் 29 அன்று, ஆங்காங்கே சிக்கியிருந்த தொழிலாளர்களும் மாணவர்களும் மாநிலம் விட்டு மாநிலம் செல்ல உள்துறை அமைச்சகம் அனுமதி தந்தது. அதன்பின் நவோதயப் பிள்ளைகள் பேருந்துகளில் புறப்பட்டார்கள். உடல்நலப் பரிசோதனை, கிருமிநாசினி தெளித்த வண்டி, துணைக்கு ஆசிரியர்கள், மாநில எல்லைதோறும் அனுமதிச் சீட்டு என்று ஒவ்வொரு பயணமும் ஒரு சிறு நிர்வாகச் சாதனை. ஹரியானாவின் கர்னாலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலான பயணம் மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. வழியில் இருந்த நவோதயப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு உணவளித்து அனுப்பின. மணிப்பூரின் சேனாபதிக்கும் உத்தரப் பிரதேசத்தின் அமேதிக்கும் இடையிலான பயணத்துடன் மே 15 அன்று இப்பணி முடிந்தது. நெடுஞ்சாலைகளில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில் இது நடந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு பதிவேட்டில் இருந்தது என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஓர் அமைப்பால் அவரை வீடு சேர்க்க முடிந்தது.

விடுதி இல்லாத விடுதி மாணவர்

பிள்ளைகள் வீடு சேர்ந்ததோடு துயரம் தீர்ந்துவிடவில்லை. விடுதிக்கு ஒரு சமன்படுத்தும் ஆற்றல் உண்டு. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே விளக்கு, ஒரே நூலகம், படிக்க ஒரே நேரம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் மகளும் அரசு ஊழியரின் மகளும் இரவு ஒன்பது மணிக்கு ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்கள். படிப்பு வீட்டுக்கு இடம்பெயர்ந்ததும் அந்தச் சமன்பாடு ஒரே நாளில் குலைந்தது. கேந்திரிய வித்யாலயா, நவோதய வித்யாலயா, சிபிஎஸ்இ பள்ளிகள் ஆகியவற்றின் மாணவர், பெற்றோர், ஆசிரியர், தலைமையாசிரியர் என ஏறத்தாழ 34,000 பேரிடம் என்சிஇஆர்டி நடத்தி 2020 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது 27 விழுக்காட்டு மாணவர்களுக்குத் திறன்பேசியோ மடிக்கணினியோ கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. மின்தடை பெரிய இடையூறு என்றும் பலர் சொல்லியிருந்தனர். நகரத்துப் பள்ளிகளையும் சேர்த்துக் கிடைத்த எண் அது. முக்கால் பங்கு கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்ட ஒரு பள்ளிக்கு அதன் பொருள் இன்னும் கனமானது.

ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் வகுப்பு யாருக்கு என்ற கேள்வி எழும். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைத்த விடை பெண் பிள்ளைக்குச் சாதகமாக இருந்திருக்காது என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. விடுதியில் இருந்தவரை அவளுக்கு அடுப்படி வேலை இல்லை. வீட்டில் இருக்கும் பெண் பிள்ளை 'சும்மா' இருப்பவளாகவே கருதப்படுவாள். இணையவழி வகுப்புகள் பற்றிய விவாதங்களில் அலைவரிசை பற்றியும் செயலிகள் பற்றியும் எவ்வளவோ பேசினோம். படிக்க உட்காரும் உரிமையை ஒரு கட்டடம் அவளுக்குத் தந்திருந்தது என்பதைப் போதிய அளவு பேசவில்லை.

இதற்கிடையே அந்தக் கட்டடங்களும் வெறுமனே கிடக்கவில்லை. பல மாவட்டங்களில் நவோதய விடுதிகள் வெளியூரிலிருந்து திரும்பியவர்களுக்கான தனிமைப்படுத்தல் முகாம்களாயின. சுற்றுச்சுவர், வரிசையான கட்டில்கள், பெரிய சமையற்கூடம், போதுமான கழிப்பறைகள் என்று மாவட்ட நிர்வாகம் தேடிய எல்லாம் அங்கே ஆயத்தமாக இருந்தன. உறைவிடப் பள்ளியையும் நோய்க்கால முகாமையும் கட்டட அமைப்பில் வேறுபடுத்தவே முடியாது என்பது, பிள்ளைகளைத் திரும்ப அழைப்பது பற்றி யோசித்தவர்களை உறுத்தியிருக்க வேண்டும்.

இரவில் பரவும் நோய்

பகல் பள்ளியில் ஒரு குழந்தை எட்டு மணி நேரம் இருக்கிறது. உறைவிடப் பள்ளியில் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. முகக்கவசம் வகுப்பறையில் உதவும். சாப்பிடும்போதும், குளிக்கும்போதும், தூங்கும்போதும் அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆகையால் உறைவிடப் பள்ளியில் தொற்றின் கதை பெரும்பாலும் படுக்கைக் கூடத்தின் கதை.

தொற்றுநோயியல் மாணவர்கள் அனைவரும் படிக்கும் ஒரு பழைய நிகழ்வு இதற்குச் சான்று. 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியில் இன்ஃபுளுவென்சா பரவியது. ஹாங்காங்கிலிருந்து விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு மாணவனுக்கு ஜனவரி நடுவில் லேசான காய்ச்சல் வந்திருந்தது. 22ஆம் தேதி மூன்று சிறுவர்கள் நோயறையில் படுத்தனர். பிப்ரவரி 4ஆம் தேதிக்குள், பள்ளியில் இருந்த 763 பேரில் 512 பேர் படுக்கையில் விழுந்து எழுந்துவிட்டனர். இரண்டே வாரம். அதே வளாகத்தில் பிள்ளைகளோடு புழங்கிய சுமார் 130 பெரியவர்களில் ஒரே ஒருவர்தான் நோயுற்றார். அப்போது பரவிய வகை 1957க்கு முன்பு உலகில் இருந்த ஒன்று. அதைச் சிறுவயதில் கண்டிருந்த பெரியவர்களின் உடலில் எதிர்ப்பாற்றல் இருந்தது.

கொரோனாவில் இந்தச் சித்திரம் தலைகீழாயிற்று. பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிகுறியே இல்லாமல் கடந்துவிடுவார்கள். ஆபத்து, அவர்களுக்குச் சமைத்துப்போடும் ஐம்பது வயதுக்காரருக்கும், விடுதி மேற்பார்வை அம்மாவுக்கும், ஆசிரியர் குடியிருப்பில் மகனோடு தங்கியிருக்கும் வயதான தாய்க்கும். 1978இல் நோயறையில் எத்தனை பேர் என்று எண்ணினாலே நிலைமை புரிந்தது. 2020இல் நோயறை காலியாக இருப்பது எந்த ஆறுதலையும் தராது. உறைவிடப் பள்ளிகள் பழைய அனுபவத்தை நம்ப முடியாமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்: காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனியே படுக்கவைப்பது என்ற நூற்றாண்டுப் பழக்கம், காய்ச்சலே வராத தொற்றின்முன் பயனற்றுப்போனது.

2020 கோடையில் அமெரிக்காவில் நடந்த இரண்டு முகாம் நிகழ்வுகளை அருகருகே வைத்தால் எது உதவியது என்று தெரியும். இரண்டும் பிள்ளைகள் இரவு தங்கும் முகாம்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு முகாமில், வருவதற்கு 12 நாளுக்குள் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்ற சான்று இருந்தால் போதும் என்றார்கள். ஊழியர்கள் முகக்கவசம் அணிந்தார்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயமில்லை. அறைகளின் சன்னல்களைத் திறந்து வைக்கவில்லை. தினமும் உரக்கப் பாடினார்கள். அம்மாநிலத்தைச் சேர்ந்த 597 பேரில் பரிசோதனை முடிவு கிடைத்தவர்கள் 344 பேர். அவர்களில் 260 பேருக்குத் தொற்று உறுதியானது. மெய்ன் மாநிலத்தின் நான்கு முகாம்களில் மொத்தம் 1,022 பேர் தங்கினார்கள். வருமுன் வீட்டில் தனித்திருத்தல், வருமுன் ஒரு பரிசோதனை, வந்தபின் மீண்டும் ஒன்று, உள்ளே சிறு குழுக்களாகப் பிரிந்து குழுவுக்கு வெளியே நெருங்காதிருத்தல், முகக்கவசம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கடைப்பிடித்தார்கள். வந்தபின் நடந்த பரிசோதனையில் அறிகுறியற்ற மூன்று பேரைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை.

ஒரே ஒரு பரிசோதனையை வாயிற்காவலாக நம்பியதுதான் ஜார்ஜியாவின் பிழை. மெய்ன் முகாம்கள், எப்படியும் ஒருவர் தொற்றோடு உள்ளே வந்துவிடுவார் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட்டன. வந்தவரிடமிருந்து எத்தனை பேருக்குப் போகலாம் என்பதற்கு முன்கூட்டியே ஓர் எல்லை வகுத்தன. அந்த எல்லைக்குப் பெயர்தான் குழு. நவோதயப் பள்ளிகளில் அதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்கள் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று நான்கு ஹவுஸ்களாகப் பிரிந்திருப்பார்கள். விளையாட்டுப் போட்டிக்கும் சுவரிதழுக்குமாக இருந்த இந்தப் பிரிவு, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாக உண்டு, தேவைப்பட்டால் ஒன்றாகத் தனித்திருக்கும் அலகாக மாறத்தக்கது. ஆனால் வகுப்பு என்பது இந்தப் பிரிவைக் குறுக்காக வெட்டுகிறது. ஒரே வகுப்பில் நான்கு ஹவுஸ் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். இரவில் பிரித்ததைப் பகல் சேர்த்துவிடும். இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த உறைவிடப் பள்ளியும் தன்னைச் சிறு குழுக்களாகப் பிரித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

திரும்பிவந்தது

2020 அக்டோபர் 5 அன்று கல்வி அமைச்சகம் பள்ளிகள் திறப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பகல் பள்ளிகள் பல மாநிலங்களில் மெல்லத் திறந்தன, மூடின, மீண்டும் திறந்தன. 2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாம் அலை எல்லாத் திட்டங்களையும் அடித்துக்கொண்டு போயிற்று. அந்த மே 20 அன்றுதான் ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், தொற்று காற்றில் மிதந்து பரவுவதைக் குறிப்பிட்டு, சன்னலையும் கதவையும் திறந்து வைப்பதை முக்கியத் தடுப்பு முறையாக வலியுறுத்தும் அறிவுரையை வெளியிட்டது. ஓராண்டுக்கு மேலாகக் கைப்பிடிகளையும் மேசைகளையும் துடைப்பதில் செலுத்திய கவனத்தில் பாதியைச் சன்னல்களுக்குத் தந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து இரவில் மூடப்படும் விடுதிச் சன்னல்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

2021 ஆகஸ்ட் 31 முதல் நவோதயப் பள்ளிகள் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு, பாதி எண்ணிக்கையில், படிப்படியாகத் திறக்க முடிவாயிற்று. பாதி எண்ணிக்கை என்பது வகுப்பறைக்கு இருக்கைக் கணக்கு. விடுதிக்கு அது கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே கிடைக்கும் மூச்சுவிடும் இடம்.

திறந்த சில வாரங்களிலேயே சோதனை வந்தது. அக்டோபரில் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் மடிக்கேரி அருகே உள்ள நவோதயப் பள்ளியில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று கண்டறியப்பட்டது. டிசம்பரில் அதே மாநிலத்தின் சிக்கமகளூரு மாவட்டத்து நவோதயப் பள்ளியில் மாணவர்களும் ஊழியர்களுமாக நூறு பேருக்கு மேல் தொற்றியது. பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை. செய்தித்தாள்கள் இவற்றை அச்சமூட்டும் தலைப்புகளோடு வெளியிட்டன. நான் இவற்றை வேறு விதமாகவே படிக்கிறேன். அறிகுறி இல்லாத பிள்ளைகளைத் தேடிப் பரிசோதித்ததால்தான் அந்த எண்கள் கிடைத்தன. வளாகத்தை அடைத்து, பிள்ளைகளை அங்கேயே வைத்துக் கவனித்தார்கள். 2020 மார்ச்சில் செய்ததுபோல எல்லாரையும் பேருந்திலும் ரயிலிலும் ஏற்றித் தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளுக்கு அனுப்பவில்லை. தொற்று இருக்கும்போது விடுதியைக் கலைப்பது நோயை மாவட்டமெங்கும் விதைப்பதாகும் என்ற பாடம் அதற்குள் படிந்துவிட்டிருந்தது. பெரியவர்களுக்குத் தடுப்பூசி வந்திருந்ததால்தான் இந்தத் துணிவு சாத்தியமாயிற்று. சமையற்காரரின் உயிரைப் பணயம் வைக்காமல் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ள முடிந்தது. 15 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடுப்பூசி 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு மார்ச் 16 அன்றும் தொடங்கியது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. 2021ஆம் ஆண்டுக்கான நுழைவுத் தேர்வு இருமுறை தள்ளிப்போய் ஆகஸ்ட் 11 அன்றுதான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் தேர்வாகியிருந்தவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. மூடிய வாயிலின் வழியாகவே அவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்கள். 2021 ஆகஸ்ட் இறுதியில் விடுதிகள் மூத்த மாணவர்களுக்குத் திறந்தபோது அவர்கள் ஏழாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விடுதிக் கட்டிலில் ஓர் இரவுகூடத் தூங்கியிருக்கவில்லை. பத்து வயதில் வீட்டை விட்டு வந்து முதல் வாரம் அழுது, இரண்டாம் வாரம் ஒரு நண்பனைப் பிடித்து, மூன்றாம் வாரம் போர்வை மடிக்கக் கற்றுக்கொள்ளும் பருவத்தைத் தாண்டியபிறகே அவர்கள் பெட்டியோடு வளாகத்துக்குள் வந்தார்கள். முதல் வார அழுகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அறிந்திருந்த மூத்த மாணவர்களில் இரண்டு தொகுதியினர் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தார்கள்.